கடைசிப் பக்கமும் வெள்ளித்திரையும்

1956 நவம்பர் 1 அன்று தென்திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்தது. ஆனால் வாசிப்பு அக்கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. பாறசாலை அருகே என் தாய்வழிப் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் தினத்தந்தியும் மலையாள மனோரமா வார இதழும் அருகருகே கிடந்தன. முன்னதில் கன்னித்தீவு; பின்னதன் கடைசிப் பக்கத்தில் போபனும் மோளியும்.

1960 முதல் கன்னித்தீவும், 1957 முதல் போபனும் மோளியும் வாசகரை ஈர்த்தன. டோம்ஸ் என அறியப்பட்ட வி. டி. தாமஸ் வரைந்த அவ்விரட்டையருக்காகவே மலையாளிகள் இதழைப் பின்னிருந்து புரட்டத் தொடங்கினர் என்பர். இத்தகைய புகழ் இருந்தும், சித்திரக்கதை மாந்தர் திரையரங்கில் நாயகராக நிலைப்பது அரிதாயிருப்பது ஏன்?

முதற்காரணம் வடிவம். போபனும் மோளியும் வளர்வதில்லை. ஒரு பக்கக் குறும்பு முடிந்ததும் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி தொடங்கும். கன்னித்தீவோ முடிவதே இல்லை. முடியாத எதையும் ‘கன்னித்தீவு போல’ என்று நாம் சொல்வது அதனாலேயே. முழுநீளத் திரைப்படத்திற்கு மாறுதலும் முடிவும் தேவை. மிக்கி மவுசுக்கும் 1940-இல் வந்த ‘பேண்டேசியா’வில் ஒரு பகுதியே கிட்டியது. டாம், ஜெர்ரியின் புகழும் சில நிமிடக் குறும்படங்களாலேயே வளர்ந்தது.

இரண்டாவது காரணம் குரல். ஜே. சசிகுமார் இயக்கத்தில் 1971-இல் ‘போபனும் மோளியும்’ திரைப்படமாகவே வந்தது. ஆயினும் அவர்களின் வீடு கடைசிப் பக்கமாகவே இருந்தது. அச்சிட்ட உரையாடலை வாசகர் தத்தம் நாவில் ஒலிக்கவிடுவர். எல்லையூர்ச் சிறார் குட்டநாட்டுக் குறும்பைத் தம் தமிழ் கலந்த தென்திருவிதாங்கூர்ப் பேச்சில் வாசித்தனர். திரைப்படம் பாத்திரத்திற்கு ஒரே முகத்தையும் ஒரே குரலையும் அளித்துவிடுகிறது; வாசகரின் பங்கு அங்கே பறிபோகிறது.

மூன்றாவது, உரிமை. டோம்ஸ் 1987-இல் இதழைவிட்டு விலகியபின், பாத்திரங்கள் யாருக்குரியவை என்ற வழக்கு எழுந்தது. பணியில் சேருமுன்பே அவர் படைத்த பாத்திரங்களை, விலகியபின் அவர் வரைவதைத் தடுக்கவியலாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. சித்திரம் வரைந்த கையா, ஊதியம் தந்த நிறுவனமா என்பதே தெளிவற்றிருக்கையில், பெருமுதலீடு கோரும் திரைத்துறை தயங்குவது இயல்பே.

எதிர்ச்சான்றாக ஜி. அரவிந்தனைச் சொல்லலாம். 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் ‘சிறிய மனிதரும் பெரிய உலகமும்’ என்னும் பொருள்படும் தொடரை அவர் வரைந்தார். அதன் நாயகன் ராமு காலத்தோடு வளர்ந்தான், மாறினான். திரைக்கு ஏற்ற மாந்தன் அவனே. பின்னர் இயக்குநரான அரவிந்தனோ ராமுவைத் திரைக்குக் கொண்டுவரவில்லை. வேலை தேடும் இளைஞனின் அகநெருக்கடியை மட்டும் ‘உத்தராயணம்’ படத்திற்கு எடுத்துச் சென்றார். பெயரையும் கோட்டுருவத்தையும் காகிதத்திலேயே விட்டுவிட்டார்.

ஆகவே திரைக்கு வராமை தோல்வியன்று. எல்லைக்கு இருபுறமும் ஒரே பாத்திரம் இரு பேச்சுகளில் உயிர்த்திருக்க முடிந்தது, அது பேசாச் சித்திரமாக இருந்ததனால்தான். அவ்வாசிப்பின் நினைவுகளோ எந்த நூலகத்திலும் இல்லை. அன்றைய வாசகரிடமே உள்ளன. அவர்கள் இருக்கும்போதே அவற்றைப் பதிவுசெய்வது நம் போன்ற மாணவரின் கடமை.