பேதுருவின் இரண்டாம் நிருபம்

பேதுருவின் இரண்டாம் நிருபம், கிறிஸ்தவ விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் அடங்கிய 27 நூல்களுள் ஒன்று. கிரேக்க மொழியில் எழுதப்பட்டு 3 அதிகாரங்களும் 61 வசனங்களும் கொண்ட இச்சிறு நூல், பெயர் குறித்த ஒரு சபைக்கென்றில்லாமல் விசுவாசிகள் அனைவரையும் நோக்கி எழுதப்பட்டதால் ‘பொது நிருபங்கள்’ என்னும் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளது. இறைவனின் நியாயத்தீர்ப்பு தாமதிப்பது ஏன், அது வரும்வரை மனிதர் எவ்வாறு வாழவேண்டும் என்னும் இரு வினாக்களைப் பிணைத்து விடைகூறுவது இதன் தனித்தன்மை.

தம் மரணம் அண்மையில் உள்ளதென அறிந்த அப்போஸ்தலர் பேதுரு விட்டுச்செல்லும் இறுதி அறிவுரையாக இந்நிருபம் அமைந்துள்ளது. முதுபெரும் தந்தையர் சாகுமுன் தம் மக்களுக்குக் கூறும் இத்தகைய இறுதியுரைகள் யூத இலக்கியத்தில் ஒரு தனி வகையாகவே இருந்தன. முதல் அதிகாரம், விசுவாசத்தில் தொடங்கி இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி முதலியவற்றின் வழியாக அன்பில் முடியும் எட்டுப் பண்புகளை அடுக்கிக் கூறுகிறது. இரண்டாம் அதிகாரம், சுதந்திரம் தருவதாகச் சொல்லி ஒழுக்கக்கேட்டுக்கு இட்டுச்செல்லும் கள்ளப்போதகர்களைக் கண்டிக்கிறது.

இக்கண்டனத்தின் பெரும்பகுதி 25 வசனங்களே உடைய யூதாவின் நிருபத்தை ஒத்திருப்பதால், அதையே இவ்வாசிரியர் பயன்படுத்தினார் என்பது அறிஞர் பலரின் முடிவு. யூதாவின் நிருபம் வனாந்தரத்தில் அழிந்த இஸ்ரவேலர், பாவஞ்செய்த தூதர்கள், சோதோம் என்ற வரிசையில் தண்டனைகளை மட்டும் காட்ட, இந்நிருபம் தூதர்கள், நோவாகாலத்து வெள்ளம், சோதோம் எனக் கால வரிசைப்படுத்தி, தப்பிய நோவாவையும் லோத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இதனால் நியாயத்தீர்ப்பு என்பது தீயோரைத் தண்டிப்பதோடு நீதிமான்களை மீட்பதுமாகிறது. யூதா எடுத்தாளும் ஏனோக்கு நூலின் வாசகம் இங்கே இடம்பெறவில்லை.

மூன்றாம் அதிகாரம், கிறிஸ்து மீண்டும் வருவார் என்ற வாக்குறுதியை எள்ளி நகைத்தவர்களுக்கு மறுமொழி கூறுகிறது. தெய்வ தண்டனையின் தாமதம் அக்காலக் கிரேக்கச் சிந்தனையிலும் விவாதிக்கப்பட்டது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இதுபற்றித் தனி நூலே எழுதினார். தாமதம் என்பது மனிதர் மனந்திரும்புவதற்கு இறைவன் தரும் அவகாசம் என்றும், வானமும் பூமியும் நெருப்பால் மாறவிருப்பதால் பரிசுத்த நடக்கையே அதற்கு ஆயத்தம் என்றும் இந்நிருபம் வாதிடுகிறது.

இதன் ஆசிரியர் யார் என்ற ஐயம் தொடக்கம் முதலே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஒரிஜனும், நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸும் இது ஐயத்துக்குரியது எனக் குறித்தனர். பேதுருவின் முதல் நிருபத்தின் நடையிலிருந்து இதன் நடை வேறுபடுவதைப் பலர் காரணம் காட்டினர் என்று திருச்சபைத் தந்தை ஜெரோம் எழுதினார். எனினும் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் 367-இல் வெளியிட்ட பட்டியலிலும், 397-இல் கார்த்தேஜில் கூடிய சங்கத்தின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. சிரிய மொழி பெஷீத்தா பதிப்பில் இல்லாத இந்நூல், ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அம்மொழியில் பெயர்க்கப்பட்டது. கிடைத்துள்ள மிகப் பழைய படி, எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட ‘பாப்பிரஸ் 72’. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இது இன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. பேதுருவின் பெயரில் பின்வந்த ஒருவரே இதை எழுதினார் என்பது இக்கால அறிஞருள் பெரும்பான்மையோர் கருத்து. பேதுரு கைப்பட எழுதியதே என வாதிடுவோரும் உளர்.

தமிழில் இந்நிருபம் 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டின் வழியே முதன்முதலில் அச்சேறியது. கத்தோலிக்கத் திருச்சபை மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறன்று, தாமதத்தையும் பரிசுத்த வாழ்வையும் பற்றிய மூன்றாம் அதிகாரப் பகுதியை வாசிக்கிறது. சீர்திருத்தச் சபைகள் பலவும் தம் வாசக அட்டவணையில் அப்பகுதியை அதே ஞாயிறன்று வைத்துள்ளன.