இவரை எடுத்தது யார்?

ஆபீசில் ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் பத்து வருடத்துக்கு மேலாக உட்கார்ந்து வருகிறேன். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால், பெரிய கம்பெனிப் பெயர் போட்ட பயோடேட்டாவுக்குத்தான் என் ஓட்டு. அவர் சொதப்பினால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள். வேறு வழியில் வந்த இன்னொருவரை எடுத்து அவர் சொதப்பினால்? "இவரை எடுத்தது யார்?" என்ற கேள்வி நேராக என் மேஜைக்கு வரும்.

அந்தக் கேள்விக்குப் பயப்படாத ஒரு மனிதரைப் பற்றி எழுத ரொம்ப நாளாக ஆசை. பெயர் சி.எம். நியூட்டன். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 1989 முதல் 2000 வரை விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர்.

நம்மூர்க் கல்லூரி ஸ்போர்ட்ஸ் டேயை நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அங்கே கல்லூரி ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். டிவி ஒளிபரப்பு உண்டு. பெரிய அணிகளின் பயிற்சியாளர் சம்பளம் பல்கலைக்கழகத் தலைவரின் சம்பளத்தையே தாண்டும். அணி தோற்றால் ஊரே கொதிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சியாளரை நியமிப்பவர் தன் வேலையையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கென்டக்கி கூடைப்பந்து என்றால் அடால்ஃப் ரப். 1930 முதல் 1972 வரை அவர்தான் பயிற்சியாளர். 1966 தேசிய இறுதிப் போட்டியில் வெள்ளையர் மட்டுமே கொண்ட அவருடைய அணியை, முதல் ஐந்து பேரும் கறுப்பினத்தவராக இறங்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் 72-65 என்று தோற்கடித்தது. அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் மறக்க முடியாத ஆட்டம் அது.

நியூட்டன் அந்த ரப்பின் மாணவர்தான். 1951-ல் பட்டம் வென்ற கென்டக்கி அணியில் இருந்தவர். பிறகு டிரான்சில்வேனியா என்ற சின்னக் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தார். 1968-ல் அலபாமா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1963-ல் கறுப்பின மாணவர்களைத் தடுக்க மாநில ஆளுநரே வாசலில் போய் நின்றாரே, அதே பல்கலைக்கழகம். அங்கே 1969-ல் வெண்டல் ஹட்சன் என்ற மாணவரை நியூட்டன் சேர்த்தார். விளையாட்டு உதவித்தொகை பெற்று அலபாமாவுக்கு வந்த முதல் கறுப்பின வீரர் அவர். 1974, 75, 76 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அலபாமா தன் பிராந்திய லீக்கின் பட்டத்தை வென்றது.

1989-ல் நியூட்டன் இயக்குநராகக் கென்டக்கிக்குத் திரும்பியபோது அந்த இடமே நாறிக் கிடந்தது. ஒரு வீரரின் தந்தைக்கு அனுப்பிய கூரியர் கவரில் ஆயிரம் டாலர் இருந்ததாகச் செய்தி வெளியாகி, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தண்டனை கொடுத்திருந்தது. நியூட்டன், நியூயார்க் நிக்ஸ் அணியில் இருந்த ரிக் பிடினோவை அழைத்து வந்தார். மூன்று புள்ளிக் கோடு கல்லூரி ஆட்டத்தில் நாடு முழுக்க 1986-87-ல்தான் வந்தது. அந்த வருடமே பிராவிடன்ஸ் என்ற சிறிய கல்லூரியின் அணியை அதை வைத்தே தேசிய அரையிறுதிக்குக் கொண்டு போனவர் பிடினோ. 1996-ல் கென்டக்கி தேசியப் பட்டம் வென்றது.

இதில் பெரிய தைரியம் ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். வீடு எரிந்த பிறகு எந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டால் என்ன? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1997-ஐப் பாருங்கள். பிடினோ பாஸ்டனுக்குப் போய்விட்டார். அணி உச்சத்தில் இருக்கிறது, இழக்க நிறைய இருக்கிறது. அப்போது நியூட்டன் நியமித்தவர் டபி ஸ்மித். கென்டக்கி ஆண்கள் கூடைப்பந்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். டல்சா, ஜார்ஜியா இரண்டு இடத்திலும் ஜெயித்துக் காட்டியவர் அவர். ஆகவே ரிஸ்க் அவரிடம் இல்லை, ஊரில்தான் இருந்தது. 1998-ல் அவரும் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார்.

அதே 1997 பருவத்துக்கு அமெரிக்கக் கால்பந்துக்கு நியூட்டன் எடுத்தது ஹால் மம்மை. வால்டோஸ்டா என்ற இரண்டாம் பிரிவு அணியில் இருந்தவர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுவதுதான் ஆண்மை என்று நம்பிய லீக்கில், எப்போது பார்த்தாலும் பந்தை எறி என்றவர். அவருடைய உதவியாளர் மைக் லீச் சட்டம் படித்தவர், கல்லூரி அணியில் ஆடியதே இல்லை! அந்த வருடமே 75 ஆண்டுகளுக்குப் பிறகு கென்டக்கி அலபாமாவை வென்றது. அவர்கள் வளர்த்த டிம் கவுச், 1999-ல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாகப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. மம்முக்குக் கீழே, வீரர்களைச் சேர்க்கும் பிரிவில் விதிமீறல்கள் நடந்தது வெளியே வந்தது. 2001 பிப்ரவரியில் மம் ராஜினாமா செய்தார். 2002-ல் என்.சி.ஏ.ஏ. மறுபடியும் தண்டித்தது.

அப்படியானால் நியூட்டன் தப்பான ஆளை எடுத்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. மம்மின் ஆட்டமுறை தோற்கவில்லை. லீச் அதை டெக்சாஸ் டெக்குக்குக் கொண்டு போய் 2000 முதல் 2009 வரை அங்கே வெற்றிகரமாக நடத்தினார். இன்று அந்த எறியும் ஆட்டம் எல்லா மட்டத்திலும் சாதாரணம். கென்டக்கியில் தோற்றது கண்காணிப்பு. மைதானத்தில் சுதந்திரம் கொடுத்தவர்கள், அலுவலக அறையில் என்ன நடக்கிறது என்று போதுமான அளவு பார்க்கவில்லை. அதிலும் 1989-ல் ஒருமுறை சூடு பட்ட இடம்! புதுமையான ஆளை எடுப்பது பாதி வேலைதான். எடுத்த பிறகு கூடவே நிற்பதும் கணக்குக் கேட்பதும் மீதிப் பாதி.

நியூட்டன் 2018-ல் காலமானார். கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் 2000-லேயே அவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் ஒரு இன்டர்வியூ. பாலிடெக்னிக் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பட்டம் வாங்கிய ஒரு திருநெல்வேலிப் பையன். எதிரே பெரிய பெயர்கள் போட்ட இன்னொரு பயோடேட்டா. இந்த முறை பையனுக்கு ஓட்டுப் போட்டேன். ஆறு மாதம் வாராவாரம் அவனோடு உட்கார்ந்து வேலையைப் பார்ப்பது என் பொறுப்பு என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இவரை எடுத்தது யார்?" என்று யாராவது கேட்டால், பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.