அடகு போன சீமையும் குடியிருந்தோரும்

"வீட்டுக்காரர் பட்ட கடனுக்கு, வீட்டில் குடியிருப்பவர்கள் என்னங்க செய்வோம்?"

இப்படி நம்மிடம் கேட்டவர் ஒரு தாயார். தூத்துக்குடியில் ஒற்றிக்கு வீடு பிடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளின் திருமணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், மாத வாடகையாவது மிஞ்சட்டும் என்ற எண்ணத்தில், முழுவதுமாக வீட்டுக்காரர் கைக்குப் போயிருந்தது. ஒரு காலை வேளையில் வாசற்கதவில் ஒரு வங்கியின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதை இளைய மகன் வாசித்துக் காட்டியபோதுதான், தாங்கள் குடிவருவதற்கு முன்பே அவ்வீடு வங்கியில் அடகிலிருந்த செய்தி அவர்களுக்குத் தெரிய வந்தது.

அத்தாயாருக்கு விடை தேடப் புகுந்த நம் நினைவு 240 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்றது. அக்காலத்தில் இதே கரையை அடுத்த திருநெல்வேலிச் சீமை முழுவதுமே அடகில் இருந்தது. அடகு வைத்தவர் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கான் வாலாஜா. அடகு பிடித்தவர்கள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரும், அவர்களுடைய ஊழியர்களுமே. குடியிருந்தவர்கள் நம் முன்னோர்.

வாலாஜா நவாபு 1749 முதல் 1795 வரை அப்பட்டத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் எதிர்நின்ற போர்களில் கம்பெனிப் படையின் துணையால் அரியணை காத்தவர். துணைக்கு வந்த படையின் செலவு முழுவதும் அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டது. அதைத் தீர்க்க அவர் சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடம் தனிக்கடன் வாங்கினார். நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலுமாக வட்டி ஏறியது. பால் பென்பீல்டு என்பவர் இவ்வழியில் பெருஞ்செல்வரானார். கடன் கொடுத்தவர்களில் பலர் பகலில் கம்பெனியின் அலுவலர்கள், இரவில் நவாபின் கடன்காரர்கள். அவர்களுக்கு அருகிலேயே இருக்கவேண்டி நவாபும் ஆர்க்காட்டை விட்டுச் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிக் குடியேறினார் என்றுகூடச் சொல்லத் தோன்றுகின்றது.

இவரைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. லக்னோவின் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தவர் அவர். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆலிம்களை அருகில் வைத்திருந்தும், வட்டியைக் குறித்து அவர்கள் சொல்லியிருக்கக் கூடியதை நவாபு செவியேற்கவில்லை என்பதை மட்டும் வருத்தத்துடன் குறிக்கின்றோம்.

கடனுக்கு ஈடாக அவர் கொடுத்தது எது? 'தன்கா' எனப்பட்ட சீட்டு. இன்ன சீமையின் இன்ன தவணை வருவாய் இன்னாருக்கு உரியது என்று எழுதிய ஒதுக்கீட்டுச் சீட்டு அது. நிலம் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல்வாரம் மட்டும் விளையுமுன்பே பிறர் கைக்குப் போய்விட்டது. மேல்வாரம் என்பது விளைச்சலில் அரசுக்குரிய பங்கு. குடிவாரம் என்பது உழுபவனின் பங்கு. நவாபுக்கு அடகு வைக்க உரிமை இருந்தது மேல்வாரத்தின் மீது மட்டுமே. ஆனால் சீட்டைக் கையில் பெற்ற கடன்காரர் சீமையின் குத்தகைதாரரை நெருக்கினார். குத்தகைதாரர் ஊர்க் கணக்கரை நெருக்கினார். களத்துமேட்டில் அளவு நடக்கும்போது இரு வாரங்களுக்கும் இடையிலிருந்த கோடு அழிந்துபோயிற்று. வீட்டுக்காரரின் கடன் குடியிருப்பவரின் அடுப்படி வரை வருவது இவ்வாறுதான்.

ஐதர் அலியுடன் போர் மூண்ட நிலையில், 1781 டிசம்பர் 2 அன்று நவாபு தம் நாட்டின் வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுக் காலத்திற்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஆறில் ஒரு பங்கு மட்டும் அவருடைய செலவுக்கு. இன்றைய வழக்கில் சொன்னால், வங்கி வந்து வாடகையைத் தானே வாங்கத் தொடங்கியது. வருவாயைத் தண்டக் கம்பெனி அதிகாரிகள் திருநெல்வேலிக்கு வந்தனர். 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆங்கிலேயர் தூத்துக்குடியை உலாந்தாக்காரரிடமிருந்து பிடித்திருந்தனர்.

1785 இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆணைப்படி சீமை மீண்டும் நவாபுக்குத் திரும்பியது. கடன்கள் சரியானவையா என்று ஆராயாமலே, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கடன்காரர்களுக்குப் போகவேண்டும் என்பதும் ஏற்பாடாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க்கு என்பார் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எழுந்து, இக்கடன்களின் பொய்ம்மையை நீண்ட நேரம் எடுத்துரைத்தார். அவர் தோற்றார். ஆனால் பின்னாளில், 1805 க்குப் பிறகு அமைந்த ஆணையர் குழு பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாகத் தேறவில்லை! அதற்குள் எத்தனை களத்துமேடுகள் வழித்துத் துடைக்கப்பட்டிருக்கும்?

1790 இல் திப்பு சுல்தானுடன் போர் வந்ததும் கம்பெனி மறுபடியும் வருவாயைக் கைப்பற்றியது. 1792 உடன்படிக்கையால் பாளையக்காரர்களின் திறையை நேரே தண்டும் உரிமை அதற்குக் கிடைத்தது. வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் 1798 இல் மூண்ட கிஸ்திப் பூசலின் வேர் இங்கேதான் இருக்கின்றது. பாளையக்காரரை வாடகைக் குடியோடு ஒப்பிடுவது முற்றும் பொருந்தாதுதான். அவரிடம் கோட்டையும் படையும் இருந்தன. எனினும் அவர் எழுப்பிய கேள்வி அத்தாயாரின் கேள்விக்கு உறவு உடையதே. தமக்கும் நவாபுக்கும் இருந்த ஏற்பாட்டில் இடையே வந்து நிற்கும் இவர் யார் என்பதே அது. அதற்கு 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்குமரம் விடையாயிற்று. 1801 ஜூலை 31 அன்று நவாபு அசீமுத்தௌலா கையொப்பமிட்ட உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதும் கம்பெனியுடையது ஆயிற்று. அடகு மூழ்கிவிட்டது.

இத்தனை ஆண்டுகளில் எளிய குடிகள் என்ன செய்தனர்? அவர்கள் கையிலிருந்த வழி ஒன்றே. கலப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாளையத்திற்குப் போய்விடுவது. நிலம் மிகுந்து ஆள் குறைந்திருந்த காலம் அது. போகிறவனைத் தடுக்க வேண்டுமானால் அவனுடைய குடிவாரத்தை மதித்தாக வேண்டும். அந்த அச்சம் ஒன்றே அவனுக்குப் பத்திரமாக இருந்தது.

கடலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முத்துச் சலாபத்தில் உரிமையைக் கல்லால் எண்ணினர். முக்குளிப்பவன் காலில் கட்டி இறங்கும் கல்லே அளவு. அரசருக்கு இத்தனை கல், ஊர்த்தலைவருக்கு இத்தனை கல் என்று வரியின்றி விடப்பட்டன. பாண்டியர், போர்த்துக்கீசியர், நாயக்கர், 1658 முதல் உலாந்தாக்காரர், நவாபு, கம்பெனி என்று கடலுக்கு உரிமை கொண்டாடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். கீழக்கரையிலும் காயலிலும் இருந்து வந்த நம்மவர்களும் பரதவச் சகோதரர்களும் எடுத்த சிப்பியில் மூழ்கியவனுக்குரிய பங்கு மட்டும் எவர் ஆட்சியிலும் அற்றுப்போகவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அது மூன்றில் ஒன்று. இலங்கைப் பக்கத்தில் 1906 இல் சலாபம் முழுவதையும் 20 ஆண்டுகளுக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்குக் குத்தகை விட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அக்கம்பெனி கலைந்தது. தூத்துக்குடியில் 1961 இல் கடைசிச் சலாபம் நடந்தது. மூழ்குபவன் இல்லாமல் முத்து இல்லை. ஆகவே அவனுடைய பங்கை எவராலும் அடகு வைக்க முடியவில்லை.

வாடகைக் குடிக்கு அந்தப் பலம் இல்லை. இவர் போனால் அடுத்தவர் வருவார். எனவே அவருக்குக் காகிதம்தான் கல்.

இக்காகிதத்தைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் பேசியிருப்பதை நம் வீடுகளில் பலர் அறியார். இக்கரையில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, வாடகைக்கு விடப்பட்ட வீட்டை உரிமையாளர் வேறொருவருக்கு விற்றாலும், பேசிய காலம் முடியும்வரை வாடகை உடன்படிக்கை முறியாது. ஆனால் அடகிலுள்ள வீட்டை, கடனின் தவணை முடிவுக்கு அப்பாலும் நீளும்படி, அடகு பிடித்தவரின் இசைவின்றி வாடகைக்கு விடுதல் கூடாது. ஹிஜ்ரி 676 இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜி'ல் இவ்விரண்டும் காணப்படும். குடியிருப்பவரின் உரிமையும் கடன் கொடுத்தவரின் உரிமையும் மோதாதபடி கோடு இழுத்த நுட்பம் அது. கடன் கொடுத்த பணத்திற்குப் பதிலாக வீட்டில் இலவசமாகக் குடியிருக்கும் ஒற்றியே வட்டியின் சாயல் உடையது என்று ஆலிம்கள் எச்சரித்து வந்திருப்பதும் நாம் அறிந்ததே. அதை அத்தாயாரிடம் அந்த நேரத்தில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஏறத்தாழ அதே கோட்டை ஆங்கிலேயர் சட்டமும் இழுத்தது. 1882 ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டத்தில் 1929 இல் 65ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. அடகு வைத்தவர் வீட்டைத் தம் கையில் வைத்திருக்கும்வரை வாடகைக்கு விடலாம். அடகுப் பத்திரம் அதைத் தடுத்திருக்கக் கூடாது. கட்டடமாயின் மூன்றாண்டுக்கு மேல் கூடாது. நியாயமான முழு வாடகை பேச வேண்டும். முன்பணமாக வாடகை வாங்கக் கூடாது. கடைசி நிபந்தனையை வாசித்தபோது நமக்குத் திக்கென்றது. மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் விடும் ஒற்றி இந்நிழலுக்குள் எப்படி ஒதுங்கும்?

உழுகுடிகளுக்கு 1908 ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டு நிலச் சட்டம் நிலைத்த உரிமை தந்தது. சமீன் எவர் கைக்கு மாறினாலும் குடி மாறவேண்டியதில்லை என்றாயிற்று. வீட்டுக் குடிகளுக்கு 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஓரளவு துணை நின்றது. 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில் 2017 ஆம் ஆண்டின் புதுச் சட்டம் வந்துள்ளது. அது எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கின்றது.

இடையில் 2002 இல் 'சர்ஃபேசி' எனப்படும் சட்டம் பிறந்தது. நீதிமன்றத்தில் வழக்காடாமலே, 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு விடுத்தபின், வங்கியே அடகு வீட்டைக் கைப்பற்ற அது வழி செய்தது. குடியிருப்பவர் நிலை என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை மும்முறை போயிற்று. அடகுக்கு முந்திய வாடகையையும், 65ஏ பிரிவுக்கு உட்பட்ட வாடகையையும் அதன் காலம் முடியுமுன் கலைக்க முடியாது என்று 2014 இல் தீர்ப்பாயிற்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காப்பைச் சர்ஃபேசி அழித்துவிடாது என்று 2016 இல் கூறப்பட்டது. பதிவு செய்யாத வாடகையின் பேரில் ஓராண்டுக்கு மேல் உரிமை கோரமுடியாது என்று 2019 இல் மூன்றாம் தீர்ப்பு வந்தது. வங்கியின் 60 நாள் அறிவிப்புக்குப் பின் அதன் எழுத்து இசைவின்றிக் கொடுக்கும் வாடகைக்கு மதிப்பே இல்லை. 2016 திருத்தத்திற்குப் பிறகு, குடியிருப்பவர் தம் வழக்கைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வைக்கலாம். தூத்துக்குடியாருக்கு அது மதுரையில் உள்ளது. வீடு கைப்பற்றப்பட்டால் 45 நாளுக்குள் போயாக வேண்டும்.

அத்தாயாரின் காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். முத்திரைத் தாள் இருந்தது, இரு சாட்சிகளின் கையொப்பம் இருந்தது, பதிவு இல்லை. பதிவு செய்திருந்தால் இரண்டாம் அடகுக்காரர் என்ற தகுதியில், ஏலத்தில் வங்கிக் கடன் போக மிஞ்சும் பணத்தின் மீதாவது அவர் கை வைக்கலாம். ஒற்றிக்கு முன் வில்லங்கச் சான்றிதழ் கேட்டீர்களா என்றோம். "தெரிஞ்ச மனுஷர்தானேன்னு கேட்கலீங்க" என்றார்.

வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். வீட்டுக்காரர் மீது பணத்திற்கு உரிமை வழக்கும், வங்கியிடம் கால நீட்டிப்புக்கு மனுவும் எழுதப்பட்டன. வங்கி அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் ஆண்டுத் தேர்வு முடியும்வரை சாவி கேட்கமாட்டோம் என்று வாய்மொழியாகச் சொன்னார். அதையும் எழுத்தில் தரும்படி அத்தாயார் கேட்டார், தந்தார். வீட்டுக்காரர் பள்ளிவாசல் ஜமாஅத்தார் முன்னிலையில் மாதத் தவணை ஒப்புக்கொண்டு இரண்டு தவணை கொடுத்திருக்கின்றார். மூன்றாவது அடுத்த வெள்ளிக்கிழமை.