கணக்குக் கேட்கும் உரிமை

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்னர் வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருக்கு நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியவர் அல்லர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அச்சபை அந்தணர் ஊர்ச்சபை. நிலமில்லாதார்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. ஆயினும், பதவியை விட்டு இறங்கியதும் பொறுப்பும் இறங்கிவிடாது என்னும் கருத்தைத் தமிழ்நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் பொறித்து வைத்தது என்பதில் ஐயமில்லை.

அவ்விதி செயற்பட வேண்டுமாயின் இரண்டு தேவை. கணக்குக் காட்ட வேண்டியவர் ஒருவர். கணக்கைக் கேட்கும் அவை ஒன்று. ஆட்சியாளர் மாறுவதால் முன்னவர் கிடைத்துவிடுகிறார். பின்னது சிதைந்து கிடந்தால் எவரைக் கொண்டு எதனைக் கேட்பது? மலேசியாவின் பேராக் மாநில வரலாறு இவ்வினாவுக்கு விடை தரவல்லது.

ஈயமும் இரப்பரும் வளர்த்த மாநிலம் பேராக். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் செல்வத்தால் ஈப்போ நகரம் எழுந்தது. சுற்றிலும் இருந்த இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர். பால் நிறுக்கும் இடத்தில் தராசின் முள்ளைத் தொழிலாளியால் பார்க்க இயன்றது. கிராணி ஏட்டில் எழுதியதைப் படிக்கப் பலரால் இயலவில்லை. எழுத்தறிவே தங்கள் பிள்ளைகளுக்குக் காப்பு என்று அம்மக்கள் எண்ணியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அந்த ஈப்போவில் பிறந்த தமிழர், வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகம். தம் தமையனார் எஸ். பி. சீனிவாசகத்துடன் மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தியவர். 1969இல் மறையும் வரை ஈப்போ மக்களின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கியவர். 1960களின் முற்பகுதியில் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் நாடாளுமன்றத்தில் ஊழற் குற்றம் சாட்டினார். அவைக்குள் பேசிய பேச்சுக்கு வழக்குத் தொடர இயலாது. அவைக்கு வெளியே இதனைச் சொல்ல முடியுமா என்று அறைகூவல் வந்தது. சீனிவாசகம் பின்வாங்கவில்லை, அதே குற்றச்சாட்டை வெளியிலும் கூறினார். அமைச்சர் மான நட்ட வழக்குத் தொடுத்தார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார், பதவியையும் துறந்தார்.

அப்துல் ரஹ்மான் தாலிப் என்னும் பெயரைத் தமிழாசிரியர் மறந்திருக்க மாட்டார். 1960ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன்வழி வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)ஆம் விதி, தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை அவ்விதி தமிழ்ப்பள்ளிகளின் தலைக்கு மேல் தொங்கிய வாளாகவே இருந்தது. எனினும் அறிக்கையின் நன்மை தீமை வேறு. வழக்கின் பொருள் வேறு. கொள்கையை வெறுத்தவர் ஊழற் குற்றத்தை ஆயுதமாக்கினார் என்று எவரும் தள்ளிவிட இயலாதபடி, சான்றுகளை நீதிமன்றம் தனித்து நிறுத்துப் பார்த்தது. ஆட்சியில் இல்லாத ஒருவர், அமைச்சர் ஒருவரைக் கணக்குக் காட்டச் செய்ய முடிந்தது. ஆட்சி மாற்றம் அதற்குத் தேவைப்படவில்லை. பேசுவதற்கு ஓர் அவையும் தீர்ப்பதற்கு ஒரு மன்றமும் இருந்தன, அவையே போதுமாயின.

அக்காலத்திலேயே வேறொரு வாயில் அடைபட்டது. ஈப்போ நகராட்சி, மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த மன்றமாகவும் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி வலுப்பெற்றிருந்த இடமாகவும் இருந்தது. 1965இல் இந்தோனேசிய எதிர்ப்பைக் காரணமாகக் காட்டி நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. சில நகராட்சிகளில் முறைகேடு நிகழ்ந்ததாகக் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. அவற்றை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான ஆதி நாகப்பன். தெரிந்தெடுக்கப்பட்ட மன்றங்களே நிலைக்க வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. கணக்கில் பிழை கண்ட இடத்தில், கணக்குக் கேட்கும் உரிமையையே எடுத்துவிட்டதற்கு இது ஒப்பாகும்.

1988இல் நீதித்துறையும் அடிபட்டது. நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வான் சுலைமான், ஜார்ஜ் சியா இருவரும் அவ்வாறே நீக்கப்பட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2008இல்தான், அப்போதைய அரசு அந்நீதிபதிகளுக்கு நல்லெண்ணத் தொகை வழங்கியது. பணம் வந்தது, இழந்த நம்பிக்கை அதனோடு வந்துவிடவில்லை.

இத்தகைய பின்னணியில் நிகழ்ந்ததே 2009ஆம் ஆண்டின் பேராக் நெருக்கடி. 2008 மார்ச் தேர்தலில் 59 சட்டமன்ற இடங்களுள் 31ஐ எதிரணியினர் வென்றனர், முகமட் நிஜார் மந்திரி புசார் ஆனார், வி. சிவகுமார் என்னும் தமிழர் சபாநாயகர் ஆனார். 2009 பிப்ரவரியில் ஆளுந்தரப்பின் மூவர் அணி விலகித் தேசிய முன்னணிக்கு ஆதரவளித்தனர். அவையைக் கலைக்குமாறு நிஜார் வேண்டியதைச் சுல்தான் அஸ்லான் ஷா ஏற்கவில்லை. சாம்ரி அப்துல் காதிர் புதிய மந்திரி புசாராக நியமிக்கப்பட்டார். மார்ச் 3ஆம் நாள் சட்டமன்றக் கட்டடத்துக்குள் செல்ல வழியின்றி, சிவகுமாரும் அவர் அணியினரும் அருகிலிருந்த மரத்தடியில் அவையைக் கூட்டினர். மே 7ஆம் நாள் சிவகுமார் வலுக்கட்டாயமாக அவையினின்று அகற்றப்பட்டார், ஆர். கணேசன் அவ்விருக்கையில் அமர்த்தப்பட்டார். இருவரும் தமிழர் என்பது இதில் பெரிதன்று. மரத்தடிக்குச் சென்ற மன்றம் எந்த ஆட்சியிடம் கணக்குக் கேட்க இயலும் என்பதே பெரிது. மே 11இல் உயர் நீதிமன்றம் நிஜாரே உரிய மந்திரி புசார் என்றது. மே 22இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2010 பிப்ரவரி 9இல் கூட்டரசு நீதிமன்றம், பெரும்பான்மை இழப்பை அவையின் வாக்கெடுப்பால்தான் அறியவேண்டும் என்பதில்லை எனத் தீர்த்தது. சட்டத்தின் இறுதிச் சொல் அதுவே. ஆயினும் வாக்களித்த மக்களின் கண்முன் எண்ணிக்கை நடைபெறவில்லை என்னும் குறை நீங்கவில்லை.

ஒரு மாநிலத்தில் கண்டதை நாடு பெரிய அளவில் காணும் காலம் விரைவில் வந்தது. 1எம்டிபி நிறுவனத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திருப்பிவிடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை பின்னர்க் கூறிற்று. 2015இல் விசாரணை நெருங்கிய வேளையில், சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் பதவியினின்று அகற்றப்பட்டார். வினா எழுப்பிய துணைப் பிரதமர் முகைதீன் யாசினும் நீக்கப்பட்டார். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை 2016இல் அரசாங்க இரகசியம் ஆக்கப்பட்டது. சீனிவாசகம் காலத்தில் ஓர் உறுப்பினரின் பேச்சு சாதித்ததைச் சாதிக்க, இப்போது நாடு தழுவிய வாக்கு தேவைப்பட்டது. 2018 மே 9இல், விடுதலைக்குப் பின் முதன்முறையாக நடுவண் ஆட்சி மாறியது. அதன் பின்னரே அறிக்கை வெளிவந்தது; முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் மீது வழக்கும் தொடுக்கப்பட்டது.

முதல் வழக்கு எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் 4 கோடியே 20 இலட்சம் வெள்ளியைப் பற்றியது. அந்நிறுவனம் கடன் பெற்ற இடம் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி. பெற்ற தொகை 400 கோடி வெள்ளி. தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த ஆசிரியரின் முதுமையும் அந்நிதியை நம்பியதே. ஊழல் என்பது தலைநகரத்துச் செய்தி என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும்.

வழக்குத் தொடுத்த அரசு 22 மாதங்களில் வீழ்ந்தது. அப்படியிருந்தும் 2020 ஜூலை 28இல் நஜிப் ஏழு குற்றங்களிலும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி வெள்ளி தண்டமும் பெற்றார். 2022 ஆகஸ்டு 23இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திய நாளில் பிரதமராக இருந்தவர் அவருடைய கட்சியைச் சேர்ந்தவரே. பின்னர் மன்னிப்பு வாரியம் தண்டனையை 6 ஆண்டாகவும் 5 கோடி வெள்ளியாகவும் குறைத்தது 2024இல் அறிவிக்கப்பட்டது. அக்குறைப்பைப் பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆனால் தீர்ப்பு, வென்றவர் தோற்றவரைப் பழிவாங்கிய செயல் அன்று என்பதற்கு இந்நாள்களே சான்று. தொடுத்தவர் வீழ்ந்த பின்னும் தொடர்ந்து நடப்பதே நீதி. தொடுத்தவரோடு முடிவது பகை.

பேராக்கிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. 2020 டிசம்பர் 4இல் மந்திரி புசார் அகமட் பைசால் தம் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பைச் சட்டமன்றத்திலேயே சந்தித்தார். ஆதரவு 10, எதிர்ப்பு 48. அவர் பதவி விலகினார். 2009இல் மரத்தடிக்குச் சென்ற எண்ணிக்கை, பதினோர் ஆண்டுகளுக்குப் பின் அவைக்குள் நிகழ்ந்தது.

எனினும் எல்லா வாயில்களும் திறந்துவிடவில்லை. 1965இல் நின்ற ஊராட்சித் தேர்தலை, மாற்றம் வேண்டி மக்கள் அமர்த்திய 2018ஆம் ஆண்டு அரசும் மீட்டுத் தரவில்லை. முன்னவரின் கணக்கைக் கேட்க விரும்பும் ஆட்சிகள், தம் கணக்கைக் கேட்கும் அவையை உண்டாக்கத் தயங்குவது எங்கும் காணும் இயல்பே. ஆட்சியை மாற்ற மக்களுக்கு ஒரு நாள் போதும். சிதைந்த அமைப்பைச் செப்பனிட ஒரு தலைமுறை வேண்டும்.

பேராக்கின் பல தோட்டங்களில் இன்று பால்மரம் இல்லை. செம்பனையும் வீட்டு மனைகளும் அவ்விடத்தைக் கொண்டன. தராசும் கிராணியின் ஏடும் மறைந்தன. ஆனால் அவ்வேட்டைப் படிக்கத் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும் என்று எண்ணிய பெற்றோரின் விருப்பம் மறையவில்லை. அது தமிழ்ப்பள்ளியாய் நிற்கிறது. ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம் பெயர் தாங்கிய பூங்கா ஒன்று உண்டு. அங்கு விளையாடும் மாணவர்க்கு அவர் யார், எதனைக் கேட்டார், கேட்க அவருக்கு எந்த அவை இருந்தது என்பதைச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் கடன். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமைக்காக மட்டும் படித்தால் அது கல். கணக்குக் கேட்பதற்காகப் படித்தால் அது சட்டம்.