சுரங்கக் கலை கற்கச் சென்ற மூவர்

பொறியியல் படிக்க ஜெர்மனிக்குச் செல்ல விரும்பும் மாணவர் பலர் முதலில் கேட்கும் கேள்வி இது: “கணிதமும் இயந்திரமும் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? அவற்றைக் கற்க ஜெர்மன் மொழி எதற்கு?” தமிழ் வழியில் பயின்றவருக்கு இன்னொரு கவலையும் எழும். ஆங்கிலமே இப்போதுதான் கைக்கு வந்து கொண்டிருக்கிறது. அதற்குள் மூன்றாவதாக ஒரு மொழியா? இக்கேள்விகள் புதியவை அல்ல. 1736-ஆம் ஆண்டிலேயே மூன்று ருஷ்ய மாணவர்கள் இதே நிலையில் நின்றனர். அவர்களுடைய வரலாற்றை அறிந்து கொண்டால், விடை உங்களுக்கே விளங்கும்.

மூவர் யார்?

அக்காலத்தில் ருஷ்ய அரசு, சைபீரியாவின் பரந்த நிலப்பகுதியை ஆராய ஒரு பெரும் குழுவை அனுப்பியிருந்தது. அங்குள்ள தாதுக்களைச் சோதிக்க, வேதியியலும் சுரங்கக் கலையும் ஒருங்கே கற்ற ஒருவர் தேவைப்பட்டார். அத்தகையவர் கிடைக்கவில்லை. எனவே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த அறிவியல் கழகம் தன் மாணவர்களையே ஜெர்மனிக்கு அனுப்பிப் பயிற்றுவிக்க முடிவு செய்தது. சுரங்கத் தொழிலில் ஜெர்மானியரே அப்போது ஐரோப்பாவுக்கு ஆசான்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மூவர். ரைசர் என்பவர் சுரங்கத்துறை அதிகாரி ஒருவரின் மகன். மற்றொருவர் வினகிராதோவ். மூன்றாமவர் 1711-இல் பிறந்த மிகயீல் லொமனோசொவ். இவர் வடகோடிக் கடற்கரைப் பகுதியில் மீன்பிடித்து வாழ்ந்த ஓர் உழவரின் மகன். கல்வி வேட்கையால் பத்தொன்பதாம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, மீன் ஏற்றிச் சென்ற பனிவண்டிகளுடன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து மாஸ்கோ சேர்ந்தவர். அங்கு உழவர் மகனுக்குப் பள்ளியில் இடமில்லை. ஆகவே தம் பிறப்பை மறைத்தே சேர்ந்தார்.

லத்தீன் அவருக்குத் தெரியும். ஜெர்மன் தெரியாது. 1736-இன் தொடக்கத்தில்தான் அதைக் கற்கத் தொடங்கினார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் மூவரும் கப்பலேறி, நவம்பரில் மார்புர்க் நகரை அடைந்தனர்.

மொழி கற்பித்த பாடம்

மார்புர்க்கில் அவர்களுடைய ஆசிரியர் கிறிஸ்தியான் வோல்ஃப். கணிதம், இயந்திரவியல், இயற்பியல், நீரியல் ஆகியவற்றை அவர் கற்பித்தார். அவரைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அந்நாளைய ஐரோப்பாவில் கற்றோர் மொழி லத்தீனே. ஜெர்மன் மொழி கடைவீதிக்கும் சமையலறைக்கும் போதும், அறிவியலுக்குப் போதாது என்று எண்ணியோர் பலர். வோல்ஃப் அவ்வாறு எண்ணவில்லை. 1710-இல் கணித அறிவியல்கள் அனைத்துக்குமான பாடநூலை ஜெர்மன் மொழியிலேயே வெளியிட்டார். 1716-இல் கணிதச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தந்தார். வேண்டிய சொல் இல்லாத இடத்தில், வழக்கில் உள்ள சொல்லுக்குத் திட்டமான பொருள் வரையறுத்துப் பயன்படுத்தினார்.

லொமனோசொவ் அங்குக் கற்றது இயற்பியல் மட்டுமன்று என்பது இப்போது புரிகிறதல்லவா? ‘வளராத மொழி’ எனப்பட்ட ஒன்று, அறிவியல் மொழியாக மாறிக் கொண்டிருப்பதை அவர் நேரில் கண்டார். ஜெர்மன் தெரியாமல் இருந்திருந்தால் இக்காட்சி அவர் கண்ணில் பட்டிருக்காது.

அவர்கள் ஏட்டுப் படிப்போடு நிற்கவுமில்லை. ஓவியம், நடனம், வாள் வீச்சு ஆகியவற்றுக்கும் ஆசிரியர்களை அமர்த்திக் கொண்டனர். அதனால் கடனும் பெருகியது! 1739-இல் அவர்கள் விடைபெற்றபோது அக்கடன்களைத் தீர்க்கும் பொறுப்பு வோல்ஃபின் தலையில் விழுந்தது.

வெள்ளி நகரில்

அடுத்துச் சென்ற இடம் சாக்சனியில் உள்ள ஃப்ரைபெர்க். 1168-ஆம் ஆண்டளவில் வெள்ளித் தாது கண்டுபிடிக்கப்பட்ட சுரங்க நகரம் அது. ஹெங்கெல் என்ற வேதியியலார் அங்குத் தம் ஆய்வுக்கூடத்தில் தாதுக்களைச் சோதிக்கக் கற்பித்தார். ஆனால், சுரங்கத்தின் பாடங்கள் சுரங்கத்தில்தான் இருந்தன. நிலத்தினுள் செங்குத்தாக இறங்கும் குழிக்கு ஒரு பெயர். மலைச்சரிவில் கிடையாகக் குடையும் வழிக்கு வேறொரு பெயர். பாறைக்கிடையே ஓடும் தாது நரம்புக்கு மற்றொரு பெயர். இச்சொற்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத் தொழிலாளர் நாவில் வழங்கி வந்தவை. லத்தீன் மட்டும் அறிந்தவர் இவற்றை எங்ஙனம் அறிவார்?

ஹெங்கெலுடன் பணத்தாலும் பாடமுறையாலும் பிணக்கு ஏற்பட்டு, 1740-இல் லொமனோசொவ் ஃப்ரைபெர்க்கை விட்டு வெளியேறினார். மார்புர்க் திரும்பி, அவ்வூர்ப் பெண்ணான எலிசபெத்தை மணந்தார். வழியில் பிரஷ்யப் படைக்கு ஆள் சேர்ப்போரிடம் சிக்கி, கோட்டையிலிருந்து தப்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1741-இல் தாய்நாடு சேர்ந்தார்.

கொண்டு வந்த செல்வம்

மூவரும் பெற்ற கல்வியின் பயன் என்ன? வினகிராதோவ் 1744-இல் தொடங்கப்பட்ட பீட்டர்ஸ்பர்க் பீங்கான் தொழிற்சாலையில் அமர்ந்தார். பீங்கான் செய்முறையைச் சாக்சனியினர் கட்டிக் காத்த காலம் அது. வினகிராதோவ் களிமண்ணையும் சூளையையும் தாமே சோதித்துச் சோதித்து, 1747 அளவில் ருஷ்ய மண்ணிலேயே பீங்கான் செய்து காட்டினார்.

லொமனோசொவ் 1745-இல் வேதியியல் பேராசிரியரானார். 1748-இல் ருஷ்யாவின் முதல் வேதியியல் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அவருடைய ‘உலோகவியலின் முதல் அடிப்படைகள்’ என்னும் நூல் 1763-இல் ருஷ்ய மொழியில் வெளிவந்தது. தாது நரம்புகள், சுரங்கம் தோண்டுதல், அளத்தல், உலோகம் பிரித்தல் யாவும் அதில் உண்டு.

அந்நூலின் பிற்சேர்க்கையில் வரும் ஒரு விளக்கத்தைப் பாருங்கள். மலையில் ஒரு சுரங்கத்துக்கு மேலே ஒரு வாயும் கீழே ஒரு வாயும் உள்ளன. குளிர்காலத்தில் காற்று கீழ்வாய் வழியே புகுந்து மேல்வாய் வழியே வெளியேறுகிறது. கோடையில் இது தலைகீழாகிறது. ஏன்? பூமிக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளது. குளிர்காலத்தில் உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெம்மையானது. எனவே இலேசாகி, புகைபோக்கியில் புகை ஏறுவதுபோல் மேலேறுகிறது. கோடையில் உட்காற்றே குளிர்ந்தது. கனத்துக் கீழே வழிகிறது. சுரங்கத் தொழிலாளியின் மூச்சு இதைப் பொறுத்தது. அதைத் தம் நாட்டவருக்குத் தம் மொழியில் சொன்னார் லொமனோசொவ்.

முன்னரே, 1746-இல், வோல்ஃபின் இயற்பியல் நூற்சுருக்கம் ஒன்றை அவர் மொழிபெயர்த்திருந்தார். தாய்மொழியில் சொல் கிடைத்தால் அதையே கொண்டார். கிடைக்காவிடில் பிறமொழிச் சொல்லைத் தம் மொழி ஓசைக்கேற்ப ஏற்றார். ஒப்படர்த்தி, ஒளிவிலகல் போன்றவற்றுக்கான ருஷ்யச் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவராக அவரைக் குறிப்பிடுவர். காற்றழுத்தத்தை அளக்கும் கருவிக்கோ ‘பாரோமீட்டர்’ என்பதன் ருஷ்ய வடிவமே நின்றது. நாமோ ‘பாரமானி’ என்று சொல் செய்து கொண்டோம். சுரங்கக் குழியைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ‘ஷாஹ்ட்’. ருஷ்யரும் அதை ‘ஷாஹ்தா’ என்று தமதாக்கிக் கொண்டனர். இன்றும் அதுவே வழக்கு.

இன்னொரு வியப்பும் உண்டு. ஃப்ரைபெர்க்கில் தாதுக்களுடன் போராடிய 1739-இல்தான், ஜெர்மன் கவிதையின் சந்தத்தில் ஈடுபட்ட லொமனோசொவ், ருஷ்யச் செய்யுளின் விதிகள் பற்றி ஒரு கடிதம் எழுதித் தாயகத்துக்கு அனுப்பினார். அழுத்தமற்ற அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறி மாறி வரும் அந்த நடையை ருஷ்யக் கவிதை தன் பெருவழியாக ஏற்றது. சுரங்கம் கற்கச் சென்றவர் யாப்பும் கொண்டு வந்தார்!

இன்றைய நிலை

லொமனோசொவ் மறைந்த 1765-ஆம் ஆண்டிலேயே ஃப்ரைபெர்க்கில் சுரங்கக் கல்விக்கழகம் நிறுவப்பட்டது. அது இன்றும் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. பொறியியலையும் மொழியையும் இணைக்கும் எண்ணமும் மறையவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் 1987-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி மாணவர் ஐந்தாண்டுகளில் பொறியியலிலும் ஜெர்மனிலும் இரு பட்டங்கள் பெறுகின்றனர்; இடையில் ஓராண்டு ஜெர்மனியில் தங்கிப் பல்கலைக்கழகத்திலும் தொழிற்சாலையிலும் பயில்கின்றனர். நம் சென்னையிலும் இத்தொடர்பு உண்டு. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இங்குத் தோன்றியபோது, ஜெர்மானியப் பேராசிரியர்கள் இங்கு வந்தனர். நம் ஆசிரியர்கள் அங்குச் சென்று பயின்றனர்.

இன்று ஜெர்மனியில் முதுநிலைப் பொறியியல் படிப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. இளநிலைப் படிப்புகளோ பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். எதில் சேர்ந்தாலும், பட்டறையில் மேற்பார்வையாளர் பேசுவதும், உணவுக்கூடத்தில் நண்பர்கள் வாதிடுவதும் ஜெர்மனில்தான். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் முதற்படியிலிருந்தே அம்மொழியைக் கற்கலாம்.

மீனவக் குடிலில் பிறந்து, இருபத்து நான்காம் வயதில் புதுமொழி கற்கத் தொடங்கியவரால் இயன்றது உங்களால் இயலாதா? அயல்மொழி ஒன்றை ஆழ்ந்து கற்றவருக்கே தம் மொழியில் எந்தச் சொல் குறைகிறது என்பது தெரியும். நீங்களும் சென்று கற்று வாருங்கள். திரும்பும்போது பட்டத்துடன், நம் தொழிலாளியும் மாணவனும் படித்துப் புரிந்து கொள்ளத்தக்க ஒரு நல்ல தமிழ் நூலும் உங்கள் கையில் இருக்கட்டும்.