கடல் கடந்த கையொப்பம்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, சில கல் தொலைவில் வேளாங்கண்ணி இருக்கிறது. அதன் கரையில் நின்று நோக்கினால் கிழக்கே கடலன்றி வேறில்லை. அக்கடலைக் கடந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் காவிரிப் படுகையில் பலர். ஆள் கடல் கடந்தான். அவன் பங்கு நன்செய் ஊரிலேயே நின்றது. அதனைப் பாகம் பிரிக்க நேர்ந்தால், அங்கே அவன் இட்ட கையொப்பத்தை இங்குள்ள சார்பதிவாளர் எதைக் கொண்டு நம்புவார்?

எழுத்துக்கு உறுதி தேடுவது இம்மண்ணுக்குப் புதியதன்று. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டையொட்டி ஆனைமங்கலத்தை வழங்கினான். தந்தையின் கொடை நிலைபெறும் பொருட்டு, மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான்.

பிற்காலத்தில் அவ்வுறுதியைச் சட்டம் தந்தது. அயல்நாட்டில் வாழ்பவன் எழுதும் அதிகாரப் பத்திரத்தை எவர் முன்னிலையில் எழுதினால் ஏற்கலாம் என்பதை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு வகுத்தது. நோட்டரி, நீதிபதி முதலியோருடன் அதில் ‘பிரிட்டிஷ் கான்சல்’ என்ற பெயரும் இருந்தது. நம் நாட்டுக்கெனக் கான்சல் இல்லாத காலம் அது!

1947இல் விடுதலை வந்தது. மறு ஆண்டே, இந்தியத் தூதரக அலுவலர்களும் கான்சல்களும் அயல்நாட்டில் பிரமாணம் செய்விக்கவும், நோட்டரியின் பணிகளை ஆற்றவும் உரிமை தரும் சட்டம் இயற்றப்பெற்றது. அவர்கள் செய்யும் உறுதி, இந்தியாவிலேயே செய்யப்பட்டது போல் செல்லும். பதிவுச் சட்டத்திலும் ‘பிரிட்டிஷ்’ நீங்கி, ‘இந்திய கான்சல்’ என்ற சொல் அமர்ந்தது. மாறியது ஒரு சொல்லே. ஆயினும், தன் குடிமகனின் கையொப்பத்துக்குத் தானே சான்று கூறும் தகுதியை நாடு பெற்றதன் அடையாளம் அது. கான்சல்களின் இப்பணியை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் குறிப்பிடுகிறது.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. அலுவலர் சான்று கூறுவது, ‘இன்னார் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்’ என்பதற்கே. நிலம் அவருடையதுதான் என்பதற்கன்று. பத்திரம் ஊர் வந்த பின்னும் வேலை உண்டு: இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்குரிய முத்திரைக் கட்டணம் செலுத்த இடமளிக்கிறது 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம்.

நாகையிலிருந்து பினாங்கு சென்ற பயணிக் கப்பல்கள் நின்று நெடுநாளாயின. இன்று இப்பகுதியினர் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். தாயின் பெயருக்கு அதிகாரம் எழுதி, இந்தியத் தூதரகத்து மேசை முன் ஒருவன் கையொப்பமிடும்போது, அவன் ஊர் நிலம் அவனைக் கைவிடவில்லை; அவனும் அதைக் கைவிடவில்லை.