கருங்கல் என்னும் ஒற்றைச் சொல்லும் சங்கனகல்லுக் கோடரிகளும்

பெங்களூரு லால்பாக்கில் எழுந்து நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய நைஸ் வகை. கர்நாடகத்தின் பெரும்பகுதி இத்தகைய நைஸ் பாறையாலும் கிரானைட்டாலும் ஆனது. கோயிலுக்கும் கோட்டைக்கும் உகந்த இக்கல் வெட்டுக்கருவிக்கு உகந்ததன்று. மணிகள் பருமனானவை, அடித்தால் தாறுமாறாக உடையும், கூரிய விளிம்பு தராது. எங்கு நோக்கினும் பாறையாக இருக்கும் நிலத்தில் கருவிக்குரிய கல் அரிதாக இருந்தது. கற்கால மக்கள் கைக்கு எட்டிய கல்லை எடுத்துச் செதுக்கினர் என்னும் பாடநூல் எண்ணம் இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

வடகர்நாடகத்தின் ஹுன்ஸகிப் பள்ளத்தாக்கிலுள்ள இசாம்பூர் இதற்கு மிகப் பழைய சான்று. கே. பத்தய்யா தலைமையில் டெக்கான் கல்லூரியினர் அங்கு அகழ்ந்தது ஒரு கல்லெடுப்புக் களம். காலம் 12 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் என ஒரு கணிப்பு உண்டு. இயற்கையாகவே பலகைபோல் பிளந்து கிடந்த சுண்ணாம்புக் கற்களுள் ஏற்ற கனமுடையவற்றைத் தேர்ந்து கைக்கோடரிகள் செய்துள்ளனர். செய்தவர்கள் இன்றைய மனித இனத்தாரே அல்லர் என்பதை நினைவிற்கொண்டால், தேர்வு என்னும் செயலின் தொன்மை விளங்கும்.

எனினும் இத்தேர்வின் முழு வீச்சைக் காண வேண்டிய இடம், அதற்கு நெடுங்காலம் பிற்பட்ட புதிய கற்காலக் குடியிருப்பான சங்கனகல்லு. பல்லாரி நகரை ஒட்டியுள்ளது. தமிழர் வெங்காயத்தால் அறிந்த அதே பல்லாரி, 1953 வரை சென்னை மாகாணத்தின் மாவட்டம். பல்லாவரத்தில் 1863இல் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபுட் இக்குன்றுகளையும் ஆராய்ந்தார். 1940களில் பி. சுப்பாராவும், அண்மைக் காலத்தில் ரவி கோரிசெட்டர், நிக்கோல் போய்வின், டோரியன் ஃபுல்லர் முதலியோரும் ஆய்வைத் தொடர்ந்தனர்.

இங்குள்ள ஹிரேகுட்டா என்னும் கிரானைட் குன்றை ஊடுருவி, கரிய டோலரைட் பாறை சுவர்போல் நீண்டு கிடக்கிறது. (ஹிரே என்பது பழங்கன்னடப் ‘பிரிய’ என்பதன் பிற்கால வடிவு, தமிழ்ப் ‘பெரிய’ என்பதற்கு உறவு.) தமிழ் வழக்கு சாம்பல்நிறக் கிரானைட்டையும் இக்கரிய கல்லையும் ‘கருங்கல்’ என்றே சுட்டிவிடும். கி.மு. 2ஆம் ஆயிரமாண்டில் அங்கு வாழ்ந்தோர் செயலில் இவ்விரண்டும் ஒன்றல்ல. டோலரைட் நுண்மணிகள் கொண்டது, கனமானது, எளிதில் நொறுங்காதது. மரம் வெட்டும் கோடரி ஓயாது அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். ஆகவே கோடரிக்கு அக்கல். தசை அறுக்கவும் தோல் கீறவும் கண்ணாடிபோன்ற விளிம்பு வேண்டும். அதற்குச் செர்ட், குவார்ட்ஸ் ஆகியவற்றில் எடுத்த சிறு அலகுகள். கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியமும் உண்ட அம்மக்களுக்கு அரைகல்லாக அமைந்தது கிரானைட்.

கோடரி உருவாகும் முறையில் இக்கற்கள் ஒன்றையொன்று நாடுகின்றன. டோலரைட் துண்டைச் சில்லு சில்லாகப் பெயர்த்து முரட்டு வடிவம் கொணர்வர். மேடுகளைக் கொத்திச் சமன்செய்வர். பின்னர் நெடுநேரம் தேய்த்து விளிம்பை மெருகேற்றுவர். தேய்ப்பதற்கு உதவியது கிரானைட்டே. விளிம்பு தராத அதன் சொரசொரப்பு இங்கே பயனாயிற்று. அப்பாறைகளில் தேய்ப்பினால் விழுந்த பள்ளங்கள் இன்றும் வழவழப்பாக உள்ளன. குன்றின்மேல் சில்லுகளும், பாதியில் முறிந்து கைவிடப்பட்ட வடிவங்களும் பெருமளவில் குவிந்திருப்பதால், ஒரு குடும்பத்தின் தேவைக்கு மேற்பட்ட உற்பத்தி நடந்தது தெளிவு.

பயன்பாடு ஒன்றே இத்தேர்வை விளக்கிவிடுமா என்பதுதான் கடினமான வினா. குப்கல் பகுதியில் அதே டோலரைட் பாறைகள்மீது நீண்ட கொம்புடைய மாடுகளின் உருவங்கள் திரளாகக் கொத்தப்பட்டுள்ளன. சுற்றிலும் கிரானைட் பரப்பு ஏராளமாக இருந்தும் கரிய கல்லையே நாடியுள்ளனர். அதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு: கரிய புறத்தோல் பெயர்ந்தால் உருவம் வெளிறித் தோன்றும். ஆனால் அவற்றுள் சில பாறைகளில் அடித்து அடித்து ஏற்பட்ட குழிகள் உள்ளன. அங்கே தட்டினால் மணிபோல் ஓசை எழுகிறது. போய்வின் 2004இல் இவ்வோசையைச் சடங்கோடு இணைத்து எழுதினார். சடங்கு என்னும் சொல்லைச் சற்றுத் தயங்கியே ஏற்க வேண்டும். பயன் புலப்படாத எதையும் அச்சொல்லுக்குள் தள்ளிவிடுவது தொல்லியலின் பழைய வழக்கம். கல்லைத் தட்டி அதன் ஓசையால் விரிசலை அறிவது இன்றைய சிற்பிகளுக்கும் உரிய வித்தை. கோடரிக்காக நாள்தோறும் டோலரைட்டைத் தட்டிய செவிக்கு, பட்டறைக் கல்லும் பாடும் கல்லும் வெவ்வேறாக ஒலித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வணிகக் கல்லுடைப்பு இக்குன்றுகளின் சில பகுதிகளை ஏற்கெனவே விழுங்கிவிட்டது. அகழ்ந்தெடுத்த கோடரிகளைப் பல்லாரியில் ஃபுட்டின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் காணலாம். ஓசை எழுப்பும் பாறைகளும் தேய்ப்புப் பள்ளங்களும் அவ்வாறு பெயர்த்து வைக்கத்தக்கவை அல்ல.